புதிய ஆக்கிரமிப்பு ஏதுமில்லை

எங்கள் ஓய்வூதியர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். கட்டுரை கேட்டுக் கடிதம் வந்தது. தலைப்பையும் அவர்களே தீர்மானித்துவிட்டார்கள்: 'என் பணிக்காலத்தில் மனநிறைவு தந்த நிகழ்வு.' ஒரு வாரம் யோசித்தேன். முப்பத்தோரு வருஷம் கிராம நிர்வாக அலுவலராகக் குப்பை கொட்டியவருக்கு ஒன்றுகூடவா அகப்படாது என்று என் மனைவி கேட்டாள். அகப்பட்டதெல்லாம் எனக்கு மேலே இருந்தவர்களுக்கு மனநிறைவு தந்தவை. அவற்றை எழுத அவர்களுக்கே கை இருக்கிறது. நான் வேறொன்றை எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் அதற்கு விளம்பரம் கொடுக்கும் பட்சணக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொள்ளட்டும்.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் நாற்காலியில் இப்போது இருப்பது பொறியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த ஒரு பெண். போன மாதம் போன் செய்தாள். புறம்போக்கில் வீடு கட்டியிருப்பவரை இப்போதெல்லாம் அந்த வீட்டு வாசலிலேயே நிற்க வைத்துச் செல்போனில் படம் எடுத்து ஏற்ற வேண்டுமாம். "சார், ஆக்கிரமிப்பாளர்னு பதிய எடுக்கிறோம்னு சொல்லித்தான் எடுக்கிறேன். தலை சீவி, பவுடர் போட்டு, நல்ல புடவையா கட்டிக்கிட்டு வந்து நிக்கிறாங்க. சிரிக்க வேற செய்யறாங்க. ஏன் சார்?" என்று கேட்டாள். பாதிப் பதிலைப் போனில் சொன்னேன். மீதிப் பாதி இது.

நான் வேலை கற்ற கதை நாலு வரிதான். தேர்வு எழுதினேன், தேறினேன். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கச் சொல்லித் தந்தார்கள், அடங்கல் என்ற பயிர்க் கணக்கு எழுதச் சொல்லித் தந்தார்கள். மேலதிகாரி வந்தால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டேன். செம்பரம்பாக்கம் பக்கம் சில வருஷம், பூந்தமல்லியைச் சுற்றிப் பல வருஷம், கடைசி ஒன்பது வருஷம் திருநின்றவூரைத் தாண்டி ஒரு கிராமம். அதன் பெயர் வேண்டாம். அங்கே ஓர் ஏரி இருந்தது, அதன் கரைப் புறம்போக்கில் நூற்று நாற்பது வீடு இருந்தது, அது போதும்.

அந்தக் கரையில் அரசாங்கம் ஓர் இரும்புப் பலகை நட்டு வைத்திருந்தது. 'இது அரசு நிலம். அத்துமீறி நுழைவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' நான் போவதற்கு முன்பே பலகையின் ஒரு காலில் துணி காயப்போடக் கொடி கட்டியாயிற்று. இன்னொரு காலில் சாய்ந்தாற்போல ஒரு டீக்கடை. பெயர் போர்டு கடை. ஸ்டேஷனிலிருந்து வரும் ஷேர் ஆட்டோக்காரர்கள் "போர்டு, போர்டு" என்று கூவித்தான் ஆள் ஏற்றுவார்கள். ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் 'போர்டு அருகில்' என்று விலாசம் அச்சடித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நுழையாதே என்று எழுதி வைத்தது எப்படி வரவேண்டும் என்பதற்கு அடையாளமாகிவிட்டது. அதைப் பார்த்து அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்தி என்று கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வார்கள். அதற்கு முன்னால் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு 'பி மெமோ' என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும். நீ இன்ன சர்வே நம்பரில் இவ்வளவு இடத்தை இவ்வளவு காலமாக ஆக்கிரமித்திருக்கிறாய், அதற்கு இன்ன அபராதம் என்று அதில் எழுதியிருக்கும். அபராதம் பெயருக்குத்தான். சட்டப்படி அது குற்றம் சாட்டும் காகிதம். வாங்குகிறவன் நடுங்குவான் என்று சட்டம் எழுதியவர் நினைத்திருப்பார்.

நடுங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. மெமோ கொடுத்த மறுநாள் ஸ்டேஷன் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நிற்கும். எல்லாரும் லேமினேஷன் போட வந்தவர்கள். சில வீடுகளில் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள். முத்திரை போட்டு, தன் பெயரும் அப்பன் பெயரும் எழுதி, இன்ன இடத்தில் இந்த மனிதன் இருக்கிறான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட காகிதம் அவர்கள் ஆயுசிலேயே அது ஒன்றுதான். அதைக் காட்டி மின் இணைப்பு வாங்கினார்கள். மின்கட்டண அட்டையைக் காட்டி ரேஷன் அட்டையை மாற்றினார்கள். ரேஷன் அட்டையைக் காட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வேர் அந்தக் குற்றக் காகிதம்.

முதல் வருஷம் ஒரு கொத்தனார் அலுவலகத்துக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், நானும் ஆக்கிரமிச்சுகினு கீறேன் சார். எனுக்கும் ஒரு மெமோ போடு சார்" என்றார். திருடன் தானாக வந்து என்னைத் திருடன் என்று எழுதிக்கொள் என்று கெஞ்சுவது போல இருந்தது. போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எஸ்தரை நான் பார்த்ததும் அந்த முதல் வருஷத்தில்தான்.

மெமோ எழுத வீடு வீடாகப் போகும்போது கிராம உதவியாளர் தனபால் கூட வருவார். எனக்கு முன்னால் நாலு பேரிடம் வேலை பார்த்தவர், அந்த ஊர்க்காரர், ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் தெரிந்தவர். கரையின் கடைசி வீட்டுக்குப் போனோம். ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். உள்ளே ஒரு பெண் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் புருஷன் பெயிண்டர், வேலை செய்த கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து செத்து இருபது நாள் ஆகியிருந்தது. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. காட்டுப்பாக்கத்தில் மாமியார் வீட்டில் இருந்தவர்கள், சண்டை வந்து பிரிந்து அந்த வருஷம்தான் இங்கே வீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள்.

நான் நோட்டைத் திறந்தேன், மூடினேன். புருஷனைப் புதைத்த ஈரம் காயாத வீட்டில் போய், நீ ஒரு ஆக்கிரமிப்பாளர், கட்டு அபராதம் என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "இவங்க பேர் இந்த வருஷம் வேண்டாம்" என்றேன்.

தனபால் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "சார், எய்திடு சார். அது அவங்குளுக்கு நல்லது" என்றார்.

"இருபது நாள் ஆகுதுய்யா. மனுஷங்களா நாம?"

"அத்தான் சார் சொல்றேன். எய்தாம உட்டா அப்பால கஸ்டம்."

நான் கேட்கவில்லை. ஊருக்குப் புதிது, அந்த ஊர்ப் பாஷை புரிந்ததே தவிர அவர் சொன்னது புரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன், இன்றைக்கு ஒரு ஏழைக்கு நல்லது செய்தேன் என்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு அது குரங்கு என்று தெரியவே பல வருஷம் ஆயிற்று.

அடுத்த வருஷம் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதியிருப்பேன். நடுவில் ஓர் உத்தரவு வந்தது. நீர்நிலைகளில் இனி ஒரு புதிய ஆக்கிரமிப்புக்கூட வரக்கூடாது, வந்தால் அந்தந்த கிராம நிர்வாக அலுவலர்தான் பொறுப்பு, மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் 'புதிய ஆக்கிரமிப்பு ஏதுமில்லை' என்று சான்று எழுதி அனுப்ப வேண்டும். உத்தரவு நல்ல உத்தரவுதான். ஏரி போனால் குடிக்கத் தண்ணீர் ஏது? ஆனால் அதை நாங்கள் நிறைவேற்றிய விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். போன வருஷத்து மெமோப் பட்டியலை அப்படியே இந்த வருஷம் நகல் எடுப்போம். ஒரு பெயர் கூடினால் புதிய ஆக்கிரமிப்பு. ஏன் விட்டாய் என்று விளக்கம் கேட்டு மெமோ எங்களுக்கு வரும். அதனால் பட்டியலில் யாரும் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் செத்த பிறகும் வருஷா வருஷம் அபராதம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உயிரோடு இருந்த எஸ்தர் அந்தப் பட்டியலுக்குள் நுழைய முடியவில்லை. நூற்று நாற்பது வீடு என்று கணக்கில் இருந்தது. கரையில் நின்று எண்ணினால் நூற்று நாற்பத்தொன்று.

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்குப் போனாள். காலை ஆறு மணிக்கெல்லாம் போர்டு கடை வாசலில் கம்பெனி வேனுக்கு நிற்பாள். மெமோ கொடுக்கும் நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பாள். நான் அவள் வீட்டு வாசல்வரை போவேன். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். குடிப்பேன்.

"இன்னா சார், இந்த வருசமும் எனுக்கு இல்லியா?"

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா."

"அக்கம்பக்கம் எல்லாரும் கேக்குறாங்க சார், உனுக்கு மட்டும் ஏன் வரலைன்னு. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

தப்புப் பண்ணியவர்களுக்குத்தானம்மா அந்த மெமோ என்று சொல்ல வாய் வரும். சொல்ல மாட்டேன். அவளுக்கு மின் இணைப்பு இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடின. ரேஷன் அட்டை காட்டுப்பாக்கத்து மாமியார் வீட்டு விலாசத்தில் கிடந்தது. ஆதாரும் அப்படியே. மாற்றப் போனால் இங்கே இருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, அந்தச் சாவியை நான் பரிதாபப்பட்டு எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி சான்றில் கையெழுத்துப் போட்டேன். புதிய ஆக்கிரமிப்பு ஏதுமில்லை. முதல் சில மாதம் கை தயங்கியது. பிறகு பழகிவிட்டது.

என் கடைசி மூன்று வருஷம் இருந்த தாசில்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கீழே இருப்பவர்களையும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். வந்தவரை உட்காரச் சொல்வார், டீ சொல்வார். கெட்ட வார்த்தை பேசும் அதிகாரிகளிடம்கூட நான் இவரிடம் இருந்ததைவிட நிம்மதியாக இருந்திருக்கிறேன். கோப்பில் ஒரு பிரச்சினையை எழுதி அனுப்பினால் செய் என்றும் எழுத மாட்டார், செய்யாதே என்றும் எழுத மாட்டார். ஓரத்தில் பச்சை மையில் 'பேசுக' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். நாம் போய்ப் பேச வேண்டும். அவர் பேசுவதை நாம் கேட்க வேண்டும். கோப்பில் அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் இருக்காது. நாளைக்கு விசாரணை வந்தால் 'பேசுக' என்று எழுதியதற்காக யாரையும் தண்டிக்க முடியாது. கேட்டு வந்து செய்தவனைத் தண்டிக்கலாம்.

ஏரியின் எதிர்க்கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் மதுரை, கோயம்புத்தூர், நாகர்கோவில் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியிருந்தார்கள். அதன் சுற்றுச்சுவர் ஏரிக்குள் இருபதடி இறங்கி நின்றது. அளந்து, படம் வரைந்து, குறிப்பு எழுதி அனுப்பினேன். 'பேசுக' என்று வந்தது. போனேன். "கட்டினவர் போயிட்டார், வாங்கினவங்க பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். அதுவும் நியாயந்தான். இந்தக் கரைக்காரர்களுக்கும் அதே நியாயம் உண்டா என்று நான் கேட்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று தெரிந்துதானே சம்பளம் வாங்கினேன்.

நான் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தபோது நீதிமன்ற உத்தரவு வந்தது. ஏரிக்கரையைக் காலி செய்ய வேண்டும். ஆனால் குடியிருப்பவர்களைத் தெருவில் விடக்கூடாது, நீண்ட காலம் குடியிருந்ததாக ஆதாரம் உள்ளவர்களுக்கு மாற்று வீடு கொடுக்க வேண்டும். தூரத்தில் கட்டி வைத்திருந்த அடுக்கு வீடுகளில் நூற்று நாற்பது ஒதுக்கினார்கள். ஆதாரம் எது என்று கேட்டதற்கு, பி மெமோ என்று பதில் வந்தது.

கரையில் ஒரே சந்தோஷம். ஆளாளுக்கு லேமினேஷன் தாள்களை எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காகப் பொறுமையாகக் குற்றவாளியாக இருந்ததற்குப் பலன் வந்துவிட்டது. அவர்கள்தான் அரசாங்கத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டவர்கள். முப்பது வருஷம் உள்ளே இருந்த எனக்கு அந்த அறிவு இல்லை.

எஸ்தர் அன்று வேலைக்குப் போகவில்லை. அலுவலகத்துக்கு வந்தாள். கூட அந்தப் பெண், பத்து வயது, பள்ளிச் சீருடையில். "சார், ஒரு வருசத்துதாவது போட்டுக் குடு சார். நான் ஆக்கிரமிச்சேன்னு எய்து. எவ்ளோ வோணா அபராதம் போடு. கட்டிடறேன்" என்றாள். அழவில்லை. கணக்கு வாத்தியாரிடம் மார்க் விட்டுப்போனதைச் சொல்வது போலச் சொன்னாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றே குறிப்பு எழுதினேன். கடைசி வீட்டில் வசிக்கும் விதவை ஒருவரின் பெயர் எட்டு வருஷத்துக்கு முன் என் கவனக்குறைவால் விடுபட்டுவிட்டது, அவர் தொடர்ந்து அங்கேயே வசிக்கிறார் என்பதை நான் நேரில் அறிவேன், சேர்க்கலாம். என் தவறை நானே ஒப்புக்கொண்டு எழுதிய ஒரே குறிப்பு. மூன்றாம் நாள் ஓரத்தில் பச்சை மையோடு திரும்பி வந்தது. பேசுக.

போனேன். உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்ப?"

"ஏழு மாசம் இருக்குங்க சார்."

"பொண்ணு கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆவணியில சார்."

"நல்லது." ஒரு கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். என் மாதச் சான்றுகள், வரிசையாக, நூல் கோத்து. "இதுல எல்லாத்துலயும் நீங்க புதிய ஆக்கிரமிப்பு ஏதுமில்லைன்னு எழுதியிருக்கீங்க. இப்ப அந்தம்மா எட்டு வருஷமா இருக்காங்கன்னு எழுதறீங்க. ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். குறிப்பை மேல அனுப்பினா, கலெக்டர் ஆபீஸ்ல முதல்ல இந்தக் கட்டைத்தான் கேப்பாங்க. நான் அனுப்ப மாட்டேன்னு சொல்லல. நீங்க சொன்னா அனுப்பிடறேன்."

அவர் என்னை மிரட்டவில்லை. இன்றைக்கும் யாராவது கேட்டால், மிரட்டினார் என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு ஒழுங்கு நடவடிக்கை வரும், ஓய்வு நாளில் ஓய்வு பெற விடாமல் நிறுத்தி வைப்பார்கள், ஓய்வூதியம் தொங்கும், ஆவணியில் கல்யாணம். எல்லாவற்றையும் நானே மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். டீ ஆறிப்போயிருந்தது. குறிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து, பைக் நிறுத்தும் இடத்தில் வைத்து நானே கிழித்தேன்.

அடுத்த வாரம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கெடுப்பு. தாசில்தார் நடுவில், நான் பக்கத்தில் பட்டியலோடு, எதிரே கரை ஜனங்கள் வரிசையில். ஒவ்வொருவராக மெமோவைக் காட்ட, நான் பெயரில் டிக் போட, அவர் ஒரு டோக்கன் கொடுத்தார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கடைசியில் எஸ்தர் வந்தாள்.

"மெமோ?"

"இல்ல சார். எனுக்கு அவரு போடவே இல்ல."

"வேற எதாவது? கரண்ட் பில்லு, ரேஷன் கார்டு?"

"எல்லாம் காட்டுப்பாக்கம் சார். ஆனா நான் இங்கதான் எட்டு வருசமா கீறேன்."

வரிசையில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரி, "ஆமா சார், எங்க ஊட்டு வயருலதான் அவங்குளுக்கு லைட்டு எரியுது" என்றாள். அவள் புருஷன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். வீடு நூற்று நாற்பதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்று கூடினால் யாருக்குக் குறையும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

"வாய் சாட்சி எடுத்துக்க முடியாதும்மா" என்றார் தாசில்தார், அதே மெல்லிய குரலில்.

எஸ்தர் என்னைக் காட்டினாள். "அப்போ அவர கேளு சார். வருசா வருசம் எங்க ஊட்டு வாசல்ல நின்னு தண்ணி குடிச்சிகிறாரு. அவருக்குத் தெரியும்."

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. இவங்க இங்க வசிக்கிறாங்களா?"

தனபால் ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டு வெளியே பார்த்தார். எனக்கு முன்னால் பட்டியல் இருந்தது. நான் அதை மேலிருந்து கீழாக ஒரு முறை விரலால் தேடினேன். தேடுவது போல நடித்தேன் என்று எழுதுவதுதான் சரி.

"ரெக்கார்டுல இல்லீங்க சார்" என்றேன்.

அது பொய்யில்லை. என் வேலையில் நான் கற்றுக்கொண்ட கடைசி வித்தை அதுதான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பொய்யும் சொல்லாமல் இருப்பது. எஸ்தர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கே எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, போலாம்" என்று போய்விட்டாள்.

காலி செய்யும் நாளில் விடிந்ததும் லாரிகள் வந்தன. பீரோ, கட்டில், கோழிக்கூண்டு, மாட்டியிருந்த சாமி படங்கள், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நூற்று நாற்பது குடும்பமும் பதினோரு மணிக்குள் கிளம்பிவிட்டன. போர்டு கடைக்காரரும் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று பொக்லைன் கரையின் இந்த முனையிலிருந்து ஆரம்பித்தன. சிமெண்ட் ஷீட் வீடுகள், தள்ளினால் விழுந்துவிடும். மூன்று மணிக்கெல்லாம் கடைசி வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அது பட்டியலில் இல்லாத வீடு. அதற்கு நோட்டீஸ் கொடுக்கப்படவில்லை, கொடுக்கவும் முடியாது. பொக்லைன் ஓட்டி வந்த வடநாட்டுப் பையன் இறங்கி வந்து, இது இடிப்பதா வேண்டாமா என்று கையால் கேட்டான். இடி என்று கையால் சொன்னேன். எஸ்தர் சாமான்களை ஏற்கெனவே வெளியே எடுத்துக் கரைமேல் அடுக்கியிருந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு குடம், தையல் மெஷின், மகளின் புத்தகப் பை. மகளை அன்று பள்ளிக்கு அனுப்பிவிட்டாள். சுவர் விழும்போது திரும்பிக்கொள்ளவில்லை, நின்று பார்த்தாள்.

இடித்து முடித்தால் மகஜர் எழுத வேண்டும். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இத்தனை கட்டுமானங்கள் அமைதியான முறையில் அகற்றப்பட்டன என்று எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். நூற்று நாற்பது குடியிருப்புகள் என்று எழுதினேன். நூற்று நாற்பத்தொன்றாவதை விடவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. பொக்லைனுக்குக் கூலி இடித்த எண்ணிக்கைக்குத்தான். ஜீப்பில் இருந்த தாசில்தாரிடம் போய்க் கேட்டேன். "ஆளில்லாக் கொட்டகைன்னு போட்டுடுங்க" என்றார். 'ஆளில்லாக் கொட்டகை ஒன்று' என்று எழுதினேன்.

முதல் சாட்சியாகத் தனபால் போட்டார். இரண்டாவது சாட்சி உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். ஊர் முழுக்க லாரியில் போய்விட்டது. போலீஸ்காரர்கள் போட மாட்டார்கள். "யாராவது லோக்கல் ஆள்கிட்ட வாங்கிடுங்க, நேரமாகுது" என்று ஜீப்பிலிருந்து குரல் வந்தது. கரைமேல் ஒரே ஒரு உள்ளூர் ஆள்தான் இருந்தாள், அவளுக்குப் போக இடம் இல்லாததால்.

தனபால், "வோணாம் சார். நான் தெருப் பக்கம் போயி யாரனா இட்டாரேன்" என்றார். அதற்குள் எஸ்தரே எங்கள் பக்கம் வந்துவிட்டாள்.

"இன்னா சார் எய்துறே?"

சொன்னேன். வாங்கிப் படித்தாள். எட்டாவது வரை படித்தவள், நிதானமாக, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். ஆளில்லாக் கொட்டகை என்ற இடத்தில் விரல் நின்றது, பிறகு நகர்ந்தது.

"சாட்சி போட்டா என் பேரு இதுல வருமா?"

"வரும்."

"விலாசம்?"

"இந்த ஊர்னு எழுதணும். சாட்சி இங்க குடியிருக்கறவங்களாத்தான் இருக்கணும்."

"அப்ப நீ உன் கையால எய்து சார். நான் போடறேன்."

எழுதினேன். எஸ்தர், கணவர் பெயர் இன்னார், வயது முப்பத்தெட்டு, மேற்படி ஏரிக்கரையில் குடியிருப்பவர். எட்டு வருஷமாக அவள் கேட்டது அந்த ஒரு வரிதான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மை காயட்டும் என்று ஊதினாள். பிறகு கேட்டாள், "சார், இதுல ஒரு காப்பி எனுக்குக் குடுப்பியா?"

மகஜர் நகலை அங்கேயே கொடுக்கக் கூடாது. ஜீப்பில் அவர் இருந்தார். நான் ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"மனு எழுதிக் கொடும்மா, பார்க்கலாம்" என்றேன்.

"எந்த விலாசம் போட்டு சார் மனு எய்தறது?" என்று கேட்டாள்.